பதினோரு ஜோடி வெள்ளைக் கண்

"முட்டை உடையாம ஓட்டுறவருன்னு ஊரே சொல்லுது. வண்டியைப் பார்த்தா, இவரு மண்டை உடையாம இருக்கறதே பெரிசு போலிருக்கே, மேடம்!"

விசில் அந்த பிக்கப் வண்டியின் இடது விலாவைத் தடவிக்கொண்டே சொன்னான். முன் சக்கரத்துக்கு மேலே ஆரம்பித்த கீறல் கதவைக் கடந்து பின்தட்டி வரை போயிருந்தது. அதன் மேல் இன்னொரு கீறல். அதற்கும் மேலே, சுண்ணாம்பு ஒட்டியபடி ஒரு புதுக் கீறல்.

சர்வேயர் குனிந்து அந்தச் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்திரண்டு வருஷம் நசுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பழகிய அம்மாள் அவர். மனிதன் பொய் சொல்லுவான், தகரம் சொல்லாது என்பது அவர் கட்சி. ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் இரண்டு நாற்காலி போட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். இரண்டாவது நாற்காலி விசிலுக்கு. பதினான்கு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, சோதனைக்கு ஏறிய மேலதிகாரியையே "உள்ள போ, உள்ள போ" என்று முதுகில் கைவைத்துத் தள்ளி வேலையைத் தொலைத்தவன்.

மூன்று வாரமாக அவர்கள் தேடுவது ஒரு வெளிச்சத்தை.

மண்டித் தெருவில் விளக்குக்கடை வைத்திருந்தவர் ஒருவர். பிக்கப் வண்டிகளின் மங்கிப்போன மஞ்சள் விளக்கைக் கழற்றிவிட்டு, உள்ளே ப்ரொஜெக்டர் லென்ஸும் எச்.ஐ.டி. என்கிற பளீர் வெள்ளை பல்பும் வைத்துக் கொடுப்பது அவர் தொழில். மூன்று வாரத்துக்கு முன்னால், விடியற்காலை ஐந்தரைக்கு, கால்வாய் வளைவில் பைக்கைத் திருப்பாமல் நேரே போய்க் கரைச்சுவரைத் தாண்டி விழுந்தார். பைக்கில் வேறு வண்டி இடித்த அடையாளம் இல்லை. பிரேக் பிடித்த தடமும் இல்லை. தானாகப் போய் விழுந்தார் என்று எழுதிப் போலீஸ் கோப்பை மூடிவிட்டது.

செத்தவரின் அம்மா அதோடு விடவில்லை. "முந்தின நாள் ரெண்டு பேருக்கும் சண்டை. என் பிள்ளையை அவதான் சாகடிச்சா" என்று மருமகள் மேல் பழியைப் போட்டு, ஆறு வயசுப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று நாளைக் காலை பத்து மணிக்குக் கோர்ட்டில் முடிவு. கடைக்காரரின் மனைவி சர்வேயரிடம் வந்து அழவில்லை. "அவரா போகல. யாரோ காரணம். அது யாருன்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு என் பொண்ணு வேணும்" என்றாள்.

கையில் இருந்தது ஒரே ஒரு நூல். அன்றைக்குப் பின்னால் சைக்கிளில் வந்த பால்காரர் சொன்னது: "வளைவுல பளீர்னு ஒரு வெள்ளை வெளிச்சம். பிக்கப்புதான். நேரா அவரு மூஞ்சியில அடிச்சுது. அப்புறம் பைக் சத்தமே இல்ல."

வெள்ளை விளக்குப் போட்ட பிக்கப் ஊரில் பதினொன்று. பதினொன்றுக்கும் மாட்டியவர் செத்தவரேதான். வண்டி நம்பர்களை மனைவி மனப்பாடமாகவே எழுதிக் கொடுத்திருந்தாள். அதில் நாலு வண்டி இப்போது மண்டி வளாகத்தில் நின்றன.

"விசில், இந்த நாலுலயும் கீறல் எந்தப் பக்கம்?"

"இடது, இடது, இடது, இடது. அணிவகுப்பே நடத்தலாம்."

"அங்க நிக்கிற மஞ்சள் லைட் வண்டிங்கள்ல?"

விசில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தான். "அதுங்களுக்குக் கட்சி பேதமே கிடையாது மேடம். இடது, வலது, முன்னால, பின்னால. ஒண்ணுத்துக்குக் கூரையில கூட அடி."

"மங்கல் லைட்டுக்காரன் எல்லாப் பக்கமும் இடிக்கறான், அது நியாயம். நல்ல லைட்டுக்காரன் எங்கயுமே இடிக்கக் கூடாது. இவங்க இடது பக்கம் மட்டும் இடிக்கறாங்க. ஏன்?"

விசிலுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாதபோது பேசாமல் இருக்கும் வழக்கமும் அவனுக்கு இல்லை. "பெண்டாட்டி அந்தப் பக்கம் உக்காந்து பேசிக்கிட்டே வருவாங்களோ?"

அதற்குள் வண்டிக்காரர் வந்துவிட்டார். காலி முட்டை அட்டைகளைக் கழுத்து வரை அடுக்கித் தூக்கிக்கொண்டு, மேலே மோவாயால் அழுத்திப் பிடித்திருந்தார். சர்வேயர் யாருக்காக வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அட்டைகளை இறக்கி வைத்தார்.

"அந்தப் பொண்ணுக்காகவா? கேளுங்கம்மா. நான் அவ மாமியார் வீட்டு மாடியிலதான் குடியிருக்கேன். அந்த வீட்டுல எல்லாரும் அவளைக் கரிச்சுக் கொட்டறாங்க. நான் ஒருத்தன்தான் இல்ல, அவங்க ரெண்டு பேரும் நகமும் சதையுமா இருந்தாங்கன்னு சொல்றவன். நாளைக்குக் கோர்ட்டுலயும் வந்து சொல்றேன்னு வக்கீல்கிட்ட ஒத்துக்கிட்டிருக்கேன்."

"குழந்தை எப்படி இருக்கு?"

"முட்டை மாமா, முட்டை மாமான்னு என் காலையே சுத்தும். 'அம்மா எப்ப வருவாங்க'ன்னு கீழ கேட்டா அடி விழுது. அதனால மாடிக்கு வந்து என்கிட்ட கேட்டுட்டுப் போகும்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"லைட் எப்படி?" என்றார் சர்வேயர்.

முட்டைக்காரர் முகம் மலர்ந்தது. "அதைக் கேளுங்க! பகல் மாதிரி. எதிர்ல வர்றவன் மீசையை எண்ணிடலாம்."

"எதிர்ல வர்றவங்க எதுவும் சொல்றதில்லையா?"

"கண்ணை மூடிக்கிட்டுத் திட்டுவாங்க. பொறாமைதான், வேற என்ன? ஒரே ஒரு குறை. இந்த ஓரம், நடைபாதைப் பக்கம், கொஞ்சம் இருட்டு. சுவரு எங்கன்னு தெரியறதில்ல."

"கால்வாய் வளைவை எத்தனை மணிக்குத் தாண்டுவீங்க?"

"அஞ்சரை. கடிகாரம் தப்பினாலும் நான் தப்பமாட்டேன். அந்த நேரத்துல அந்தப் பக்கம் நான் ஒருத்தன்தான் வண்டி. அன்னைக்கும் போனேன். ரோட்டுல ஒரு அசம்பாவிதமும் பார்க்கல. கொஞ்சம் முன்னப் பின்னப் போயிருந்தா, அந்த மனுஷனைக் கையைப் பிடிச்சு நிறுத்தியிருப்பேனேன்னு நினைக்காத நாள் இல்லம்மா."

விசில் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தான். வார் சரியாகத்தான் இருந்தது.

சர்வேயர் குரல் மாறாமல் கேட்டார். "உங்க கிடங்குக்குள்ள வண்டி மூக்கை விட்டு, லைட்டை ஒரு தடவை போட்டுக் காட்டுறீங்களா?"

முட்டைக் கிடங்கு பகலிலும் இருட்டு. கடைசிச் சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். வண்டி வாசலில் நின்று உள்ளே பார்த்தது. ஸ்விட்சைத் தட்டியதும் விளக்கு ஊதாவாக முழித்து, நாலு எண்ணுவதற்குள் வெள்ளையாக நிலைத்தது.

சுவரின் கீழ்ப்பாதி வெளிச்சம், மேல்பாதி இருட்டு. நடுவே கத்தியால் வெட்டிய மாதிரி ஒரு கோடு. இடப்பக்கம் படுத்துக் கிடந்த அந்தக் கோடு நடுவில் ஒரு படி ஏறி, வலப்பக்கம் மேலேயே போயிற்று.

"முட்டை லோடுல பின்னாடி அழுந்தி, மூக்கு தூக்கிக்கிச்சா மேடம்?"

"தூக்கியிருந்தா கோடு மொத்தமா தூக்கியிருக்கும். இங்க ஒரு பக்கம்தான் ஏறுது." சர்வேயர் அவனைத் தள்ளிக்கொண்டு போய் வெளியே நிறுத்தி மெதுவாகச் சொன்னார். "இந்தக் கோட்டுக்கு மேல வெளிச்சம் போகக் கூடாது. எதிர்ல வர்றவன் கண்ணு கூசாம இருக்கத்தான் கோடே. நடைபாதைப் பக்கம் மட்டும் ஒரு படி ஏத்தி விட்டிருப்பாங்க, ஓரத்துல நடக்கறவங்களும் பலகையும் தெரியணும்னு. நாம இடது பக்கம் ஓட்டுறவங்க. படி இடது பக்கம் ஏறணும். இது வலது பக்கம் ஏறுது. வலது பக்கம் ஓட்டுற ஊருக்குச் செஞ்ச லென்ஸ் இது."

விசிலுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. ஓரம் இருட்டாக இருந்ததால் இடது விலாவில் கீறல். எதிராளியின் மீசை தெரிந்ததற்கும் அதுவே காரணம். மீசை தெரிகிற வெளிச்சத்தில் மீசைக்காரனுக்கு எதுவுமே தெரியாது.

"பதினோரு வண்டியும் இப்படித்தானா?"

"பார்த்த நாலுக்கும் ஒரே விலாவுல காயம். பதினொண்ணுக்கும் மாட்டினது ஒரே கைதானே."

"அப்போ பழம் நழுவிப் பால்ல விழுந்தாச்சு மேடம்! லென்ஸ் அனுப்பின சப்ளையர்தான் ஆளு. தப்பான சரக்கை அனுப்பியிருக்கான். நாளைக்குப் பத்து மணிக் கோர்ட்டுக்கு நாம ஒன்பதே முக்காலுக்கே போய் முதல் வரிசையில உக்காந்துக்கலாம்."

சர்வேயர் சப்ளையருக்குப் போன் போட்டார். விசில் காதை ஒட்டிக்கொண்டு நின்றான்.

"அம்மா, நான் முதல்ல சரியான சரக்குதான் அனுப்பினேன்," என்றது அந்தப் பக்கக் குரல். "அவரு திருப்பி அனுப்பிட்டாரு. படி தப்பான பக்கம் ஏறுது, மாத்தி அனுப்புங்கன்னாரு. நான் இங்க சுவத்துல அடிச்சுப் பார்த்தேன், சரியாத்தான் இருந்துச்சு. ரெண்டு தடவை கேட்டேன். ஒத்தைக் கால்ல நின்னாரு. இத்தனை வருஷத்துல இந்த மாதிரி மாத்திக் கேட்டவரு அவரு ஒருத்தர்தான். அவரு கேட்ட கடுதாசி இன்னும் என்கிட்ட இருக்கு."

சர்வேயர் போனை வைத்தார். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியிருந்தது.

"தன் கையாலயே தன் கண்ணைக் குத்திக்கிட்டாரா மேடம்?"

"கவனமான தொழில்காரன் ஒரு தடவை தப்பு பண்ணுவான். பதினோரு தடவை ஒரே தப்பைப் பண்ணணும்னா, அதுதான் சரின்னு அவனுக்கு எதுவோ காட்டியிருக்கணும்," என்றார் சர்வேயர். "அது என்னன்னு கடையில போய்ப் பார்ப்போம்."

கடை மூடிக் கிடந்தது. மனைவி ஷட்டரைத் தூக்கி விட்டாள். ஒரே அறை. சுவரில் ஆணிகளில் தொங்கும் வயர்கள், பிரித்துப் போட்ட விளக்குக் கூடுகள், விளக்குக் கண்ணாடியின் பசையை இளக்கிக் கழற்ற ஒரு பழைய அடுப்பு. தரையில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு, வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு. எதிரே சந்தின் அந்தப் பக்கம் கம்பி வேலி.

"வெளிச்சத்தை எதுல அடிச்சுப் பார்ப்பீங்க? இங்க சுவரே இல்லையேம்மா," என்றார் சர்வேயர்.

"பழைய கடையில சுவரு இருந்துச்சுக்கா. ஆனா அங்க சாதா லைட்டுதான். ப்ரொஜெக்டர் இங்க வந்துதான் ஆரம்பிச்சோம். அதுக்குத்தான் இது." அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைப் போர்வையை எடுத்தாள். நாலு மூலையிலும் கயிறு தைத்திருந்தது. சந்துக்குக் குறுக்கே இரண்டு கம்பங்களில் ஒரு நிமிஷத்தில் இழுத்துக் கட்டினாள். கட்டும்போது அவள் முகத்தில் மூன்று வாரமாக இல்லாத ஒரு சுறுசுறுப்பு இருந்தது.

"சாயங்காலம் இருட்ட ஆரம்பிச்சதும் கட்டுவோம். அவரு பானெட்டைத் தூக்கி வச்சுக்கிட்டு, வண்டியைப் பார்த்துக் குனிஞ்சு திருகைத் திருப்புவாரு. நான் கோட்டைப் பார்த்துச் சொல்லுவேன். ஏறுது, இறக்குங்க, போதும், நிறுத்துங்கன்னு. நான் சொல்றதுதான் அவருக்கு அளவு."

"நீ எங்க நின்னும்மா சொல்லுவ?"

"முன்னால நின்னா என் நிழல் விழுது. கண்ணும் கூசுது. அதனால துணிக்குப் பின்னாடி நின்னுப்பேன். மெல்லிசுத் துணிதானே, நல்லாத் தெரியும்."

சர்வேயரின் கை பையின் வாரை இறுக்கிப் பிடித்ததை விசில் பார்த்தான். எதற்கென்று அவனுக்கு அப்போது புரியவில்லை.

"விசில், நீ போய்ப் பின்னாடி நில்லு," என்றார் சர்வேயர் அவசரமாக. "நீ ஒரு டீ வாங்கிட்டு வாம்மா."

"இவருக்கு என்ன தெரியும்? நானே நிக்கறேன், எனக்குத்தான் பழக்கம்." அவள் அதற்குள் துணிக்குப் பின்னால் போய்விட்டாள். "ம், சொல்லுங்க."

வேறு வழியில்லை. சர்வேயர் ஒரு தடித்த பேனாவை எடுத்து, வண்டி நிற்கும் பக்கமிருந்து துணியில் கோடு போட்டார். வலது ஓரத்திலிருந்து நேராக வந்து, நடுவில் படி ஏறி, இடப்பக்கம் மேலே போகும் கோடு. சரியான கோடு. எதிரே வருகிறவனைக் கொல்லாத கோடு.

"இது எப்படிம்மா இருக்கு?"

"தப்புக்கா," என்று துணிக்குப் பின்னாலிருந்து உடனே குரல் வந்தது. "இடது கைப் பக்கம் ஏறினாத்தான் சரின்னு சொல்லிக் கொடுத்திருக்காரு. இது வலது கைப் பக்கம் ஏறுதே. முதல் பொட்டி இப்படித்தான் வந்துச்சு. நான்தான் கண்டுபிடிச்சேன். அவரும் வந்து பார்த்துட்டு, 'கெட்டிக்காரிடி நீ'ன்னு திருப்பி அனுப்பினாரு."

"அவரு எங்க நின்னு பார்த்தாரு?" விசில் கேட்டுவிட்டான். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எங்க நிப்பாரு? என் பக்கத்துலதான். தோள்ல கையைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வண்டிக்கும் கடைசியா ஒரு தடவை பார்ப்பாரு. ஏன்?"

அவள் துணியைச் சுற்றி முன்பக்கம் வந்தாள். கோட்டைப் பார்த்தாள். இடது கையைத் தூக்கி அது ஏறுகிற பக்கத்தோடு வைத்துப் பார்த்தாள். திரும்பப் பின்னால் போனாள். மறுபடி முன்னால் வந்தாள். மூன்றாவது தடவை போகவில்லை.

"முதல் பொட்டி சரியாத்தான் இருந்துச்சா?"

"ஆமாம்மா," என்றார் சர்வேயர்.

"நான் தப்புன்னு சொன்னேன்."

"அவரும் பார்த்தாரேம்மா. தொழில் தெரிஞ்சவரு."

"நான் கூப்பிட்ட எடத்துல வந்து நின்னு பார்த்தாரு."

விசில் பதினான்கு வருஷம் பஸ்ஸில் எத்தனையோ அழுகைகளைப் பார்த்தவன். எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தவன். இன்றைக்கு அவனுக்கு இந்த வழக்கை ஏன் எடுத்தோம் என்றுதான் இருந்தது.

"அன்னைக்கு எதிர்ல வந்தது யாரு வண்டி?" என்றாள் அவள்.

"அது இப்ப எதுக்கு?"

"அதைக் கேட்டுத்தானே உங்ககிட்ட வந்தேன்."

"முட்டை வண்டி," என்றார் சர்வேயர்.

அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கு மாமியார் வீட்டில் இருந்த ஒரே ஆதரவு முட்டைக்காரர்தான் என்பது மூவருக்கும் தெரியும்.

விசில் குரலைத் தாழ்த்தினான். "மேடம், நான் ஒண்ணு சொல்றேன். வெளிச்சம் கண்ணுல அடிச்சுதான் விழுந்தாரு, தானா விழல. இதை மட்டும் எழுதுவோம். லென்ஸ் தப்பான ஊரு லென்ஸ், அதுவும் உண்மை. இந்தப் போர்வை விஷயம் நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். மடிச்சு உள்ள வச்சுட்டா யாரு கேக்கப் போறா? நாளைக்குக் குழந்தை வந்துடும்."

"சப்ளையர்கிட்ட கடுதாசி இருக்கு," என்றார் சர்வேயர். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் அப்படித் தயங்கி விசில் பார்த்ததே இல்லை.

"நாளைக்கு விடிஞ்சா பதினோரு வண்டியும் ரோட்டுக்கு வருமேக்கா," என்றாள் அவள். "எதிர்ல யாராவது வருவாங்களே."

அவள் போனை எடுத்தாள். வண்டிக்காரர்களின் பட்டியலில் முதல் நம்பரே முட்டைக்காரருடையது. மூவருக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, நான்தான். லைட்டைக் கழட்டிடுங்க அண்ணே. லென்ஸ் மாறி வந்துடுச்சு. எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்குது."

"என்னம்மா நீ!" முட்டைக்காரர் குரல் கனிந்திருந்தது. "அவரு கையால மாட்டினது. வண்டியை வித்தாலும் அந்த லைட்டைக் கழட்டி வீட்டுல வச்சுப்பேன். காலையில அதைப் போடறப்பல்லாம் அவரைத்தான் நினைச்சுக்கறேன். நீ தைரியமா இரு. நாளைக்கு நான் வந்து சொல்றேன்ல."

விசில் வேண்டாம் என்று கையை ஆட்டினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

"அண்ணே, உங்க வண்டி வெளிச்சத்துலதான் அவரு போனாரு. அன்னைக்கு அஞ்சரைக்கு வளைவுல எதிர்ல வந்தது அவருதான். வெளிச்சத்தை அப்படி வைக்கச் சொன்னது நான். அவரு சரியான லென்ஸ்தான் வாங்கினாரு. நான்தான் தப்புன்னு சொல்லி மாத்த வச்சேன். உங்க மேல தப்பில்ல. கழட்டிடுங்க."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு படியில் சின்னக் காலடிகள் ஓடி ஏறி வரும் சத்தம். ஆறு வயசுக் குரல் ஒன்று, மூச்சிரைக்க:

"முட்டை மாமா, யாரு போன்ல? அம்மாவா?"

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இல்லடா தங்கம்," என்றார் முட்டைக்காரர். "யாருமில்ல. ராங் நம்பர்."